சத்தியசீலன் மாமாவின் சமமில்லாத கால்கள்

பாடாங் செராய்,
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பிற்பகல்.

என் ஒரே தாய்மாமாவும், கடந்த ஜூலை மாதம் பன்னிரண்டாம் தேதி எங்கள் குடும்ப வாட்சாப் குழுவிலிருந்து தாமாகவே வெளியேறியவருமான சத்தியசீலன் மாமா அவர்களின் பாதங்களுக்கு, உங்கள் அக்கா மகள் திலகா தரையில் உட்கார்ந்து எழுதும் கடிதம். மேசையில் எழுதியிருப்பேன், அங்கே காலுறைகள் காய்கின்றன.

இங்கே நான் நலம். அம்மா நலம். பக்கத்து வீட்டுப் பூனை மிகவும் நலம். அதற்குக் காரணம் கீழே வரும். அப்பாவும் நலம்தான், பூட்ஸ் உரசுகிற இடத்தில் மட்டும் இரண்டு கொப்புளம். அதற்கும் காரணம் கீழே வரும். இப்போது தங்கியிருக்கிற திகாம் பத்துவில் நீங்கள் நலமா? உங்கள் கால்கள் நலமா? இதை மரியாதைக்குக் கேட்கிற கேள்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு வாரமாக எனக்கு உங்கள் கால்களைத் தவிர வேறு நினைவே இல்லை. இத்துடன் வரும் பொட்டலத்தில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை இருக்கிறது. நான் என் கையால் பின்னிய முதல் ஜோடி. பிரித்துப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அந்த ஜூலை ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனால் நீங்கள் எழுந்து போன பிறகு நடந்தது தெரியாது இல்லையா, அதனால் வரிசையாகச் சொல்கிறேன். அம்மா ஆட்டுக்கறி பிரட்டல் வைத்திருந்தார். கூலிம் தொழிற்சாலை வேலையையும் விட்டுவிட்டதாக நீங்கள் சொன்னீர்கள். அப்பா உடனே போலிடெக்னிக் படிப்பில் தொடங்கி, கித்தார் வகுப்பு, லோரி லைசன்ஸ், வீட்டுக்குப் பின்னால் பாதி கட்டிய கோழிக்கூடு என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, "எதையும் பாதியில விட்டுட்டுப் போறதுதான்டா உன் வேலை" என்றார். நீங்கள் எழுந்து கை கழுவினீர்கள். அப்பா உங்கள் தட்டைப் பார்த்து, "பாரு, சோத்தையும் பாதியில" என்றார். என் கருத்துப்படி அந்த இரண்டாவது வாக்கியம்தான் தவறு. முதல் வாக்கியத்துக்குக் கோழிக்கூடாவது சாட்சி இருக்கிறது. இரண்டாவதைச் சொன்னபோது நீங்கள் பசியோடு இருந்தீர்கள். பின்வாசல் வழியாகப் போய் மோட்டர் சைக்கிளை எடுத்தீர்கள். அந்தச் சத்தம் முச்சந்தியைத் தாண்டும்வரை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அம்மா உங்கள் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்தார், ஒருவேளை நீங்கள் திரும்பி வந்தால் என்று. பொழுது சாய்கிறவரை அது மூடியே இருந்தது. பிறகு பூனைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் அம்மா துணி காயப்போடும் இடத்தில் நின்று உங்களோடு போனில் மெதுவாகப் பேசுவார் என்பது எனக்குத் தெரியும். நான் ஒட்டுக்கேட்பதில்லை மாமா. அங்கே இருக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து படிப்பது என் வழக்கம், அம்மாதான் என் இடத்துக்கு வந்து பேசுகிறார். நீங்கள் சுங்கை பட்டாணிப் பக்கம் மீன் உறைய வைக்கிற கிடங்கில் சேர்ந்திருப்பது அப்படித்தான் தெரிந்தது. அவர்கள் கொடுத்த பூட்ஸைப் போட்டாலும் கால் மரத்துப்போகிறது, அறைக்கு வந்து சுடுதண்ணீரில் வைத்தால்தான் பத்து விரலும் இருக்கிறதா என்று தெரிகிறது என்று நீங்கள் சொன்னீர்களாம். அம்மா போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே பிழிந்த சட்டையை மறுபடி பிழிந்தார்.

அன்றிலிருந்து அந்தக் கிடங்கு என் தலைக்குள் வந்துவிட்டது. நான் பனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கெடா மாநிலம் முழுக்க வெயிலில் கிடக்கும்போது, ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் மட்டும் குளிர்காலம் இருக்கிறது, அதன் சாவி என் மாமாவிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உள்ளே ஓசையே இருக்காது. கெம்போங் மீன்களும் வாவால் மீன்களும் கண்ணைத் திறந்தபடி வெள்ளைப் பெட்டிகளில் படுத்திருக்கும். நீங்கள் வாயைத் திறந்தால் புகை வரும். அந்தப் புகையில் என்ன பேசினாலும் அது உறைந்து கீழே விழும். மாலையில் கதவைத் திறந்ததும் வெயில் பட்டு உருகி, நாள் முழுக்கப் பேசியதெல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும். அறிவியல்படி அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இடத்தில் நீங்கள் தனியாக, மரத்துப்போன காலோடு நடப்பதை நினைத்தால் எனக்கு இங்கே வகுப்பறையில் கால் சில்லிட்டது. அன்றுதான் முடிவு செய்தேன். காலுறை பின்னுவது, ஒன்றல்ல, இரண்டு, பாதியில் விடுவதில்லை.

எங்கள் பள்ளி நூலகத்தில் கடைசி அலமாரியில் பின்னல் வேலை பற்றிய மலாய்ப் புத்தகம் ஒன்று இருக்கிறது. என்னைவிட வயதில் மூத்தது. அதை இரவல் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று அதற்குள் இருந்த அட்டை சொன்னது. கம்பளி நூல் வேண்டும், முனை கூரான நான்கு ஊசி வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மெய்யப்பன் ஐயா மளிகைக்கடையில் கேட்டேன். அவர் கோணி தைக்கிற ஊசியைக் காட்டினார். கம்பளி கேட்டதற்கு, "யாருக்கும்மா காய்ச்சல்?" என்றார். ஆகவே நூலுக்கு அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். கேமரன் மலைக்குப் போனபோது வாங்கி, ஒரே ஒரு தடவை போட்டு, பிறகு பாச்சை உருண்டையோடு தூங்கிக்கொண்டிருந்த பலாச்சுளை நிறச் சுவெட்டர் இருந்தது. கழுத்தில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். மாமா, ஒரு சுவெட்டர் அவிழ்வது எவ்வளவு எளிது தெரியுமா. கோவிலில் பிரசாதம் வாங்குகிற வரிசை கலைவது மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டுக்கொண்டே போகிறது. அம்மா வந்து நின்றபோது ஒரு கை முழுவதும் தரையில் இருந்தது. யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அம்மா சுவெட்டரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "முதுகுப் பக்கம் நல்லா இருக்கும், அதை எடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவிழ்த்த நூல் சுருள்சுருளாக மீ நூடுல்ஸ் மாதிரியே இருந்ததால் அலசிக் கொடியில் தொங்கவிட்டேன். அப்பா வந்து, யார் மீயைக் காயப்போட்டது என்று கேட்டார்.

ஊசிக்குத்தான் ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில் வெள்ளிக்கிழமை பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பா வாங்கி வந்த சாத்தே என் கண்ணைத் திறந்தது. கோழியைக் கோத்துச் சுடுகிற அந்த மூங்கில் குச்சி சரியான தடிமன், சரியான நீளம், நுனியும் கூர். நாங்கள் தின்று முடித்த குச்சிகளில் நேரானவை நான்கை எடுத்து, கழுவி, உப்புத்தாளால் தேய்த்தேன். நன்றாகக் கழுவினேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் நான் பின்னி வைத்த நான்கு சுற்றின்மேலும் எறும்புகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன, சாத்தேயோடு வருகிற கச்சாங் வேர்க்கடலைக் குழம்பு வாசனைக்கு. அவற்றை ஊதி அனுப்ப அரை மணி நேரம் ஆயிற்று. அது மட்டுமில்லை, கணக்குப் பாடம் நடக்கும்போது மேசைக்கு அடியில் பின்னிக்கொண்டிருந்தேன், குணசுந்தரி டீச்சர் என் மடியில் நான்கு குச்சியைப் பார்த்துவிட்டு, "வகுப்புல உக்காந்து சாத்தே சாப்பிட்டியா? முடிச்சிட்டியா? எனக்கு ஒண்ணுகூட வைக்கலையா?" என்றார். முழு வகுப்பும் சிரித்தது. காலுறை என்று சொன்னேன். இந்த வெயிலிலா என்று கேட்டார். என் மாமா குளிர்காலத்தில் வேலை செய்கிறார் என்றேன். டீச்சர் என்னை வெளியே நிறுத்தவில்லை, ஆனால் அம்மாவுக்குப் போன் செய்து வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

இனி அளவு எடுத்த கதைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தின் முக்கியமான இடம் இதுதான். உங்கள் காலின் நீளம் எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்டால் ஆச்சரியம் போய்விடும். யோசித்தபோது, பின்வாசலில் ஜூலை மாதத்திலிருந்து யாரும் தொடாமல் கிடக்கிற நீல வார் வைத்த ஜப்பான் சிலிப்பர் நினைவுக்கு வந்தது. அம்மா மெய்யப்பன் ஐயா கடையில் ஒரே நாளில் இரண்டு ஜோடி வாங்கினார் அல்லவா, உங்களுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அப்பா அன்றிலிருந்து எங்கே போனாலும் தோட்டத்து மண்டோர் வேலைக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் பூட்ஸில்தான் போகிறார். ஆகவே அந்த அனாதைச் சிலிப்பர் நீங்கள் விட்டுப்போனது என்று நான் முடிவு கட்டினேன். ஒன்று குழாயடியில் கிடந்தது. மற்றது கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் கிடந்தது. எந்த மனிதனுக்கும் இரண்டு கால் ஒரே அளவாக இருக்காது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருந்ததால், அப்படியே தனித்தனியாக அளந்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இல்லை.

இடது இருபத்தெட்டு சென்டிமீட்டர். வலது இருபத்தைந்து.

மாமா, நான் அதைப் பார்த்துவிட்டு அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புத்தகம் சொன்னது உண்மைதான், ஆனால் இவ்வளவா என்று மனம் கனத்துப்போயிற்று. மூன்று சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வோடு இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் நடந்திருக்கிறீர்களே என்று நினைத்தேன். பந்து விளையாட்டை நீங்கள் பாதியில் நிறுத்தியது எதனால் என்று அப்போது புரிந்தது போல இருந்தது. போலிடெக்னிக்கில் வகுப்பு மூன்றாவது மாடி என்று சொல்லியிருக்கிறீர்கள். கோழிக்கூட்டுக்கு ஏணியில் ஏற வேண்டும். எல்லாம் பொருந்தி வந்தது. என் மாமா எதையும் பாதியில் விட்டவர் இல்லை, அவரால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான் என்று அன்று இரண்டு காலுக்காகவும் தனித்தனியாக அழுதேன். அன்று மாலை அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்பது போல, மாமாவுக்குச் சின்ன வயதில் காலில் அடி ஏதும் பட்டதா என்று கேட்டேன். அம்மா பயந்துவிட்டார். மறுநாளே அம்மா போன் செய்து, உன் இரண்டு காலும் ஒரே நீளமா தம்பி என்று உங்களைக் கேட்டது என்னால்தான். நீங்கள், "ஏன்க்கா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டீர்களாம். நீங்கள் வெட்கப்பட்டு மறைக்கிறீர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் எப்படிப் பின்னினேன் என்று சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு கண்ணி, அதாவது குச்சியில் ஏற்றுகிற நூல் வளையம். மூன்று குச்சியில் பதினாறு பதினாறாகப் பிரித்து வைத்து, நான்காவது குச்சியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். குச்சி ஒரு கண்ணிக்குள் நுழைந்து நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். பழைய கண்ணி கீழே இறங்கும். அதன் தோளில் புதியது ஏறி நிற்கும். ஒரு சுற்று முடிந்தால் காலுறை அரிசி மணியின் தடிமனுக்கு வளர்ந்திருக்கும். பள்ளி விட்டு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மேலே காற்றாடியும் சுற்றும், கீழே நானும் சுற்றுவேன், கொஞ்ச நேரத்தில் யார் யாரைச் சுற்றுகிறோம் என்று தெரியாது. வெளியே செம்பனை ஓலைகள் மழைக்கு முன்னால் ஒரே பக்கமாகச் சாயும். வானம் கழுவிவிட்டது போல இருக்கிற நாளில் தூரத்தில் ஜெராய் மலை தெரியும், அதன் உச்சியில் ஒரு மேகம் அரைகுறையாக மாட்டிய காலுறை மாதிரி தொங்கும். திகாம் பத்துவில் இருந்து பார்த்தால் அது இன்னும் பக்கத்தில் தெரியுமாமே. நீங்களும் வேலை விட்டு வெளியே வந்து வெயிலில் காலை வைத்து அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு பின்னுவேன். அப்படி நினைக்கும்போதெல்லாம் கண்ணி நழுவும். நழுவிய கண்ணி ஏணி மாதிரி கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும், அதைப் பிடித்து மேலே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் காலுறையின் கணுக்காலில் கொஞ்சம் தடித்த இடங்களைப் பார்த்தால், அவையெல்லாம் ஜெராய் மலை.

குதிகால்தான் கடினம். மூன்று தடவை அவிழ்த்தேன். ஏனென்றால் புத்தகம் சொன்னதை நான் நம்பவில்லை. வரி முடிவதற்கு முன்பே நிறுத்து என்று அதில் இருக்கிறது. மிச்சக் கண்ணிகளை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பு என்று இருக்கிறது. நான் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு வரியையும் கடைசிவரை பின்னினேன், குழாய்தான் வந்தது. நேரான குழாய். அதில் மழைத்தண்ணீர் போகும், கால் போகாது. நான்காவது தடவை புத்தகம் சொன்னபடி பாதி வரியில் விட்டுத் திரும்பினேன். மறுபடி விட்டுத் திரும்பினேன். என் கைக்குள்ளேயே அது மெல்ல வளைந்து ஒரு கிண்ணம் மாதிரி குழிந்தது மாமா. உள்ளே ஒரு குதிகால் வந்து உட்காரத் தயாராக இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அப்பாவிடம் காட்டி, பாதியில் விட்டால்தான் குதிகால் வரும் என்று புத்தகத்தை வாசித்தும் காட்டினேன். அப்பா, "புக்கு படிக்கப் படிக்க வாயி நீளுது" என்றார். ஆனால் காலுறையை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. குழிந்த இடத்தில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். நானும் அவரிடம் சொல்ல மறந்த ஒன்று இருக்கிறது, உங்களிடம் சொல்கிறேன். பாதியில் விடுவதோடு அந்த வேலை முடிவதில்லை. திரும்ப வேண்டும். விட்டுவைத்த கண்ணிகளையெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரும்பாவிட்டால் அது வெறும் ஓட்டை.

முதல் காலுறை முடிந்த அன்று நான் செய்த தவறு, முடிந்துவிட்டது என்று நினைத்தது. இரண்டாவதைத் தொடங்கக் கை வரவே இல்லை. ஏற்கெனவே போய் வந்த ஊருக்கு மறுபடி நடந்தே போகச் சொன்னது போல இருந்தது. பத்து நாள் அந்த நூல்கண்டை நான் பார்க்கவில்லை. பூனைதான் பார்த்தது, அதை உருட்டிக்கொண்டு கோழிக்கூடுவரை போய்விட்டது. அப்பா சாப்பிடும்போது, "ஸ்டோக்கின் ஒண்ணோட நின்னுடுச்சா? நிக்கும்லா. உங்க மாமன் ரத்தமாச்சே" என்றார். அம்மா பருப்பை என் சோற்றில் ஊற்றாமல் மேசையில் ஊற்றினார். நான் கை கழுவிவிட்டு நேரே போய் நாற்பத்தெட்டு கண்ணி ஏற்றினேன். மாமா, நான் சோற்றை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பூட்ஸ் விஷயம். மூன்று மாதமாக அப்பா அதில்தான் வாழ்கிறார். முடி வெட்டப் போனாலும் பூட்ஸ். கடைக்குள் அப்பா பூட்ஸ் சப்தத்தோடு நுழைந்தபோது, மெய்யப்பன் ஐயா "என்ன மண்டோரே, கடைக்குள்ள வெள்ளம் வரப்போவுதா?" என்று கேட்டார். அப்பா, மழைக்காலம் என்றார். அப்போது மூன்று வாரமாக ஒரு துளி விழுந்திருக்கவில்லை. கோவிலில் எல்லாரும் சிலிப்பரை உதறிவிட்டு உள்ளே போகும்போது அப்பா படியில் உட்கார்ந்து இழுப்பார், நான் எதிரில் நின்று இழுப்பேன். போன வெள்ளிக்கிழமை தீபாராதனை முடிந்த பிறகுதான் இரண்டாவது பூட்ஸ் கழன்றது. அம்மா எத்தனையோ தடவை புதுச் சிலிப்பர் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அப்பா ஒவ்வொரு தடவையும், "வேணாம், இருக்கு" என்பார். எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

நேற்று மாலைதான் விளங்கியது. இரண்டு காலுறையும் முடிந்து, அலசி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்திருந்தேன். அப்பா வேலை விட்டு வந்து பார்த்துவிட்டு, "என்னா இது, அண்ணனும் தம்பியுமா?" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில், உங்கள் கால்களைப் பற்றிய உண்மையை அவரிடம் சொன்னேன். மாமா இதை யாருக்கும் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருக்கிறார், இனிமேல் அவரைப் பாதியில் விட்டவர் என்று சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அப்பா பெரிய காலுறையைக் கையில் எடுத்தார்.

"எத வச்சு அளந்த?"

"பின்வாசல்ல கிடக்கே, மாமா சிலிப்பரு. அத வச்சுதான்."

அப்பா வெறுங்காலோடு வெளியே போனார். குழாயடியில் கிடந்ததையும் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் கிடந்ததையும் எடுத்துவந்து, என் முகத்துக்கு நேரே அடியோடு அடி சேர்த்துப் பிடித்தார். ஒன்று மற்றதைவிட இரண்டு விரல் நீளமாக இருந்தது. பிறகு நீளமானதைக் கீழே போட்டு, தம் இடது காலை அதற்குள் நுழைத்தார். அளவெடுத்தது போல இருந்தது.

"இது என்னுது. அது அவன்து. கோவத்துல பாக்காம என் வலதையும் அவன் இடதையும் மாட்டிக்கிட்டுப் போயிட்டான்."

எப்போது தெரியும் என்று கேட்டேன். மறுநாள் காலையிலேயே தெரியுமாம். போட்டுப் பார்த்தபோது வலது குதிகால் வெளியே தொங்கியதாம். அப்படியானால் ஏன் கேட்கவில்லை, ஏன் ஒன்று வாங்கிக்கொள்ளவில்லை, ஏன் மூன்று மாதம் பூட்ஸ் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அப்பா குனிந்து அந்தச் சிலிப்பர்கள் இரண்டையும் சுவரோரம் ஜோடியாக வைத்தார்.

"வந்தா கொண்டாருவான்" என்றார்.

மாமா, தயவுசெய்து உங்கள் அறை வாசலில் கிடக்கிற ஜோடியைப் போய் ஒரு தடவை பாருங்கள். வலது பெரிதாக இருந்தால் அது அப்பாவுடையது. உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது படியில் தடுக்கியிருக்கும். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்க மாட்டேன். ஒருவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், போதும்.

இடது காலுறையின் நுனியை அவிழ்த்துச் சிறிதாக்க எனக்கு ஒரு வாரம் போதும். ஆனால் அதற்குள் உங்கள் விரல்கள் இன்னும் ஏழு நாள் மரத்துப்போகும் என்பதால், இருக்கிறபடியே இரண்டையும் அனுப்புகிறேன். இடதின் நுனியை மடித்து விரலுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், மெத்தை மாதிரி இருக்கும். வெயிலில் காயும்போது லேசாகச் சாத்தே வாசனை வரும், பயப்பட வேண்டாம். எப்படி இருந்தாலும் எடுத்த வேலையை நான் முடித்துவிட்டேன், இரண்டு காலுறை, முழுதாக, அதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அம்மா இன்னும் முறுக்குக் குழலைப் பரணில் இருந்து இறக்கவில்லை. அதைப் பிழிய அம்மாவுக்குப் பலம் இல்லை, அப்பாவுக்குப் பொறுமை இல்லை, எனக்கு இரண்டும் காலுறையில் தீர்ந்துவிட்டது. போன வருடம் ஒரு அண்டா மாவையும் நீங்கள் ஒருவரே நின்று பிழிந்தீர்கள். அதைப் பாதியில் விடவில்லை. நான் அப்பாவிடம் அதை நினைவுபடுத்த இருந்தேன், தைரியம் வரவில்லை.

கிடங்கின் கதவு உங்கள் பின்னால் தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்கவும், குளிர் கணுக்காலோடு நின்றுவிடவும் நம் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொண்டு, உங்கள் இரண்டு (சமமான) பாதங்களையும் தொட்டு, அம்மாவின் அன்பையும் அப்பா சொல்லாத விசாரிப்பையும் சேர்த்து அனுப்பி இத்துடன் முடிக்கும்,

உங்கள் அன்பு மருமகள்,
கா. திலகா,
இரண்டாம் படிவம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சில இடங்களை அடிக்க வேண்டியிருக்கிறது. பேனாவால் எழுதிவிட்டதால் நீங்களே மனத்தில் அடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அப்பாவுக்குத் தெரியாது என்று எழுதியதை. உங்கள் முகவரியை எழுதித் தரும்படி அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன், அம்மாவுக்குக் கை ஈரம், அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா நின்றபடியே கடைசிவரை படித்தார். ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்து, "சோத்தப் பத்தி நான் சொன்னது இருக்கே, அது சொல்லியிருக்கக் கூடாது. அத எழுது" என்றார். எழுதிவிட்டேன். அதன் பிறகு பொட்டலத்தைத் தாமே கட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். திரும்பக் கையில் கொடுத்தபோது அது மெல்லிசாக இருந்தது. உள்ளே வலது காலுறை மட்டும்தான் இருக்கிறது மாமா. ஆகவே ஒரு ஜோடி என்றும், முழுதாக என்றும், எடுத்த வேலையை முடித்துவிட்டேன் என்றும் எழுதியவற்றையும் அடித்துவிடுங்கள். மற்றது எங்கே என்று கேட்டேன். அப்பா நாற்காலியில் இருந்தபடி இடது காலை நீட்டிக் காட்டினார். "இங்கதான் இருக்கு. வேணும்னா வந்து எடுத்துக்கச் சொல்லு. வரப்ப என் சிலிப்பரக் கொண்டாரச் சொல்லு." அம்மா யாரும் சொல்லாமலேயே முறுக்குக் குழலை இறக்கிக் கழுவிக்கொண்டிருக்கிறார். அப்பா காற்றாடியை ஐந்தில் வைத்துவிட்டு, ஒரு காலில் கம்பளியும் ஒரு கால் வெறுமையுமாக டீவி பார்த்துக்கொண்டிருக்கிறார். வேர்க்கவில்லையா என்று கேட்டால் இல்லை என்கிறார். வேர்க்கிறது மாமா. எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.